டெவனில் பெரியம்மாவும் காணாமற்போன கடைசிப் பக்கங்களும்

திங்கட்கிழமை, டார்க்கீ

லண்டன் பேடிங்டன் நிலையத்தில் வண்டி நகரத் தொடங்கியதுமே பெரியம்மா பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற ரயிலின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக நோட்டமிட்டுக்கொண்டு வந்தார். அகதா கிறிஸ்டி எழுதி 1957-இல் வெளிவந்த, மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டி துப்பறியும் நாவல் ஒன்று இதே நிலையத்திலிருந்து 4.50 மணிக்குப் புறப்படும் வண்டியில் தொடங்குகிறது. இணையாக ஓடும் இன்னொரு ரயிலுக்குள் ஓர் ஆள் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதை வயதான பயணி ஒருவர் பார்த்துவிடுகிறார். பரிசோதகரோ அவர் மடியில் கிடக்கும் பத்திரிகையைக் கவனித்துவிட்டு, அம்மையார் கண்ணயர்ந்து கனவு கண்டிருப்பார் என்று முடிவுகட்டிவிடுகிறார். தோழியான மிஸ் மார்ப்பிள் ஒருவர்தான் நடந்ததை அப்படியே நம்புகிறார். வயதான பெண் சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதே அந்தக் கதையின் முதல் முடிச்சு, பிணம் எங்கே என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான் என்பது பெரியம்மாவின் கட்சி.

இந்தப் பயணம் முழுக்க அவருடைய விருப்பம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபதைக் கடந்தவர், துப்பறியும் கதை என்றால் கையில் கிடைப்பதையெல்லாம் படித்துவிடுபவர். ஆனாலும் மழைக்கோட்டும் துப்பாக்கியுமாகப் பாய்ந்து வரும் இளைஞர்களை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நாற்காலியை விட்டு எழாமல், கம்பளி நூலைப் பின்னியபடியே கொலைகாரனை அடையாளம் காட்டும் மிஸ் மார்ப்பிளையும், அவரைப் படைத்த அகதா கிறிஸ்டி 1890-இல் பிறந்த ஊரான, தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து டார்க்கீயையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார். கற்பனைப் பாத்திரத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. பெட்டி தூக்குவதும் இந்தக் குறிப்புகளை எழுதுவதும் என் பொறுப்பு.

எக்ஸிடரைத் தாண்டியதும் ரயில் கடலை ஒட்டி ஓடுகிறது. டாலிஷ் என்ற சிற்றூரில் தண்டவாளத்துக்கும் அலைகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. 2014 பிப்ரவரிப் புயலில் அந்தச் சுவர் இடிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கி, ஏப்ரல் வரையில் அந்தப் பாதையில் ரயிலே ஓடவில்லை. நியூட்டன் அபாட்டில் வண்டி மாறி டார்க்கீயில் இறங்கினால், கடற்கரைச் சாலை நெடுகப் பனை போன்ற மரங்கள் நிற்கின்றன. ‘ஆங்கில ரிவியரா’ என்று பெருமையடித்துக்கொள்ளும் இந்தக் கடற்கரைக்கு அவைதாம் அடையாளம். பெரியம்மா ஒரு மரத்தைச் சுற்றிவந்து, இது பனையும் இல்லை, தென்னையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னது சரியே. அது நியூசிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட கார்டிலைன் என்னும் வேறு இனம்.

நாங்கள் தங்கியிருப்பது மேட்டின்மேல் உள்ள விக்டோரியா காலத்து வீடு ஒன்றில் நடக்கும் சிறிய விடுதி. அதன் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் இங்கே ஒரு குற்றம் நடந்திருக்கிறது. விடுதிக்காரப் பெண்மணியின் மாமியார் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பொதுக்கூடத்தில், சுவரை அடைத்தாற்போல் ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பழைய துப்பறியும் நாவல்கள். பெரியம்மா ஒன்றை உருவி, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பதிவு அலுவலகத்தில் எந்தத் தொகுதியைக் கையில் வாங்கினாலும் பக்க எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு போய்விடவில்லை. புத்தகம் 188-ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இருக்க வேண்டிய தாள்களைக் காணவில்லை. அடுத்த புத்தகத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

விடுதியில் இருப்பவர்களைக் குறித்து வைக்கிறேன், நாளைக்கு உதவும். வட இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி, கடலோர நடைப்பாதையில் நாளெல்லாம் நடந்துவிட்டு மாலையில் சேற்றுக் காலணிகளோடு திரும்பும் தனியாள் ஒருவர், பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பம், அதில் அடங்காத இரண்டு பையன்கள், விடுதிக்காரப் பெண்மணி, பிறகு நாங்கள் இருவர். என் சந்தேகம் பையன்கள்மேல்.

செவ்வாய்க்கிழமை, டார்க்கீ

காலை உணவுக்கு மணி அடிப்பதற்கு முன்பே பெரியம்மா அலமாரியின் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கிவிட்டார். விடுதிக்காரப் பெண்மணி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஓராண்டுக்கு மேலாகவே இப்படி நடக்கிறதாம். யாரோ விஷமக்காரப் பிள்ளைகள் என்று அவர் விட்டுவிட்டாராம். இந்தப் பையன்கள் சென்ற சனிக்கிழமைதான் வந்தவர்கள் என்பதால் என் சந்தேகம் அங்கேயே விழுந்துவிட்டது. முடிவுகளைக் கைப்பேசியில் தேடிவிடலாமே என்று நான் சொன்னதற்கு, முடிவை அப்படித் தேடுகிறவர்களுக்குத் துப்பறியும் நாவல் எதற்கு என்று பதில் வந்தது.

நகரத்தில் அகதா கிறிஸ்டியின் தடங்களைத் தேடி நடப்பதற்கு ஒரு நாள் போதும். அவர் பிறந்த ஆஷ்ஃபீல்டு வீடு இப்போது இல்லை; இடித்துவிட்டார்கள். துறைமுகத்துக்கு அருகே, 1990-இல் அவருடைய நூற்றாண்டுக்கு வைத்த வெண்கலத் தலைச்சிலை இருக்கிறது. டார்க்கீ அருங்காட்சியகத்தில் அவருக்கென்று தனிக் கூடமே இருக்கிறது. ஆனால் அங்கே தொலைக்காட்சித் தொடருக்காக உருவாக்கிய எர்க்யூல் புவாரோ என்ற அவருடைய மீசைக்காரத் துப்பறிவாளரின் அறைப் பொருட்களுக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா முகத்தைச் சுளித்தார். மீசைக்குக் கிடைக்கும் மரியாதை பின்னல் ஊசிக்குக் கிடைப்பதில்லை என்பது அவர் வருத்தம்.

அந்த வருத்தத்துக்கு மருந்தாக நடிகை ஜோன் ஹிக்சன் கதையை அவரே எனக்குச் சொன்னார். 1946-இல் ஒரு மேடை நாடகத்தில் ஹிக்சன் நடித்ததைப் பார்த்த அகதா கிறிஸ்டி, என்றாவது ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் அவருக்குக் கடிதம் எழுதினார். ஹிக்சனுக்கு அப்போது 40 வயது. பிபிசி தொடரில் அவர் மிஸ் மார்ப்பிளாகத் தோன்றியது 1984-இல், 78-ஆம் வயதில். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கடிதம் எழுதியவர் காலமாகிவிட்டார். நடிகைகளுக்கு வயதானால் வாய்ப்புப் போய்விடும் என்று புலம்பும் உலகத்தில், வயதாவதற்காகவே காத்திருந்த ஒரு வேடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் உலகப்போரின்போது இந்த ஊரின் நகர மண்டபம் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவமனையாக இயங்கியது. இளம்பெண்ணாக இருந்த அகதா அங்கே செவிலியாகத் தொண்டாற்றினார். பிறகு மருந்தகத்துக்கு மாறி, 1917-இல் மருந்தாளுநர் தேர்விலும் தேறினார். எந்த மருந்து எந்த அளவில் நஞ்சாகும் என்பதை அவர் படித்தது போலீஸ் கதைகளுக்காக அல்ல, நோயாளிகளின் உயிருக்காக. அதனால்தான் அவருடைய நஞ்சுகள் எல்லாம் அளவோடு இருக்கின்றன. 1196-இல் மடாலயமாகத் தொடங்கிய டார் அபியின் வளாகத்தில், அவர் கதைகளில் கொலைக்குப் பயன்பட்ட செடிகளை வைத்து ஒரு தோட்டமே போட்டிருக்கிறார்கள். டெவனில் இப்போது வேலியோரம் எல்லாம் ஃபாக்ஸ்கிளவ் பூத்துக் குலுங்குகிறது. இதயத்துக்கான டிஜிட்டாலிஸ் மருந்து அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். மிஸ் மார்ப்பிள் சிறுகதை ஒன்றில் யாரோ அதன் இலையைச் சமையலுக்குப் பறித்த சேஜ் இலைகளோடு கலந்துவிட, விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நோயில் விழுகிறார்கள், ஒரு பெண் இறந்துபோகிறாள். தோட்டத்துப் பலகைகளை வரி விடாமல் படித்த பெரியம்மா, எதையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் அவருடைய கண்டுபிடிப்புகளை வாக்குமூலம் போல எனக்கு எழுதவைத்தார். தாள்கள் கிழிக்கப்படவில்லை, உலோக அளவுகோலை வைத்துக் கூர்மையான பிளேடால், கட்டுமானத்துக்கு நூலிழை இடம் விட்டு வெட்டப்பட்டிருக்கின்றன. காதல் கதைகளிலும் பயண நூல்களிலும் கை வைக்கப்படவில்லை. மிக முக்கியமானது, ஒவ்வொரு புத்தகத்திலும் போயிருக்கும் தாள்களின் எண்ணிக்கை வேறு. ஒன்றில் எட்டுத் தாள், இன்னொன்றில் மூன்றே தாள். எங்கே கொலைகாரனின் பெயர் முதன்முதலாக வருகிறதோ அங்கிருந்து வெட்டு விழுந்திருக்கிறது. ஆகவே வெட்டியவர் அத்தனை புத்தகங்களையும் படித்தவர், அதுவும் பொறுமையாகப் படித்தவர். அவர் அங்கீகரித்த இன்னொரு தடயம், கூடத்து மேசையில் கிடந்த செய்தித்தாள். குறுக்கெழுத்து இருந்த இடத்தில் ஓரம் பிசிறில்லாமல் ஒரு சதுரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. இதையும் எழுதிக்கொள் என்றார், எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை, கிரீன்வே

இன்று காலை உணவு மேசையில் ஒரு சண்டை. ஓய்வுபெற்ற கணவரும் நடைப்பாதைக்காரரும் அலமாரியிலிருந்து ஒரே நாவலை வெவ்வேறு நாட்களில் படித்திருக்கிறார்கள். பெரியம்மா முதல் நாள் உருவிய அதே நாவல். முடிவு இல்லாததால் இருவரும் இந்த வீட்டிலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டார்களாம். கொலையைச் செய்தவர் டாக்டர் என்கிறார் கணவர். அண்ணன் மகன்தான் என்கிறார் மற்றவர். இருவரும் தங்கள் கட்சிக்கு ஆதாரமாக அத்தியாய எண் முதற்கொண்டு சொன்னார்கள். நம்பும்படி இருந்தது, இரண்டுமே. பெரியம்மா வாயைத் திறக்காமல் உண்டு முடித்து, நாம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். முத்திரைத்தாளின் தேதியும் கையெழுத்தின் தேதியும் ஒத்துப்போகாத பத்திரத்தைக் கண்டுபிடித்த முகம்.

பெயின்டனிலிருந்து கிங்ஸ்வேருக்கு நீராவி ரயில் ஒன்று இன்றும் ஓடுகிறது. நடுவில் கிரீன்வே என்ற சிறு நிறுத்தத்தில் இறங்கி, மரங்கள் அடர்ந்த பாதையில் அரை மணி நேரம் ஏறி இறங்கினால், டார்ட் ஆற்றைப் பார்த்தபடி வெள்ளை வீடு ஒன்று நிற்கிறது. அகதா கிறிஸ்டி 1938-இல் 6,000 பவுண்டுக்கு வாங்கிய கோடைக்கால வீடு இது. அவருடைய குடும்பம் 2000-இல் இதை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தது. 2009 முதல் வீட்டுக்குள்ளும் பொதுமக்கள் போகலாம்.

அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றந்தான். ஆனால் அந்த ஏமாற்றம் எனக்குப் பிடித்திருந்தது. தொப்பிகளும் கைத்தடிகளும் வாசற்கூடத்தில் அப்படியே கிடக்கின்றன. மரப்பெட்டிகள், பீங்கான்கள், வெள்ளிச் சாமான்கள், அகழ்வாராய்ச்சியாளரான கணவர் மேக்ஸ் மல்லோவன் சேர்த்த பொருட்கள் என்று கால் வைக்க இடமில்லாமல் ஒரு குடும்பம் பல காலம் சேர்த்த சேர்மானம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இந்த வீட்டை எடுத்துக்கொண்டது. அந்தப் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஒருவர், தங்கள் கலங்கள் போன இடங்களையெல்லாம் நூலக அறைச் சுவரின் மேல்விளிம்பைச் சுற்றிலும் ஓவியமாகத் தீட்டிவிட்டார். போர் முடிந்ததும் அதை அழித்துத் தருவதாக அதிகாரிகள் சொன்னபோது, அது போரின் நினைவுச்சின்னம், இருக்கட்டும் என்று அகதா கிறிஸ்டி தடுத்துவிட்டார். அதே படையினர் சமையலறைப் பக்கம் வரிசையாகக் கட்டிவிட்டுப்போன 14 கழிப்பறைகளை அகற்றுவதற்குத்தான் அவர் அதிகாரிகளோடு கடிதப் போர் நடத்த வேண்டியிருந்தது. அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்த பெரியம்மாவுக்கு ஓவியத்தைவிட இந்தக் கடிதப் போரில்தான் ஆர்வம் அதிகம்.

ஆற்றங்கரைப் படகுத்துறைக் கட்டடத்தை அகதா கிறிஸ்டி தன் நாவல் ஒன்றில் கொலை நடக்கும் இடமாகவே வைத்திருக்கிறார். புவாரோ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பும் 2013-இல் இங்கே நடந்திருக்கிறது. எனக்கு மனத்தில் நின்றது வேறு. எழுதும் வேலையை அவர் பெரும்பாலும் இந்த வீட்டில் செய்யவில்லை. எழுதி முடித்ததை இங்கே கொண்டுவந்து, இரவுகளில் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டுவார், அவர்கள் கொலைகாரன் யார் என்று ஊகிக்க வேண்டும். அந்த வரவேற்பறையில் நின்றுகொண்டு பெரியம்மா, முடிவு தெரிந்தவர் ஒருவர், முடிவுக்காகக் காத்திருக்கும் பலர், இதைவிட அந்த வயதில் வேறு என்ன வேண்டும் என்றார். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரவு அவர் தனியாகக் கூடத்துக்கு இறங்கிப் போய், நேரம் கழித்துத்தான் மேலே வந்தார். அந்த நாவலின் முடிவைக் கேட்டு வந்துவிட்டாராம். டாக்டரும் இல்லை, அண்ணன் மகனும் இல்லை, வழக்கறிஞரின் எழுத்தர்தான் கொலைகாரராம். யார் சொன்னது என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று விளக்கை அணைத்துவிட்டார்.

வியாழக்கிழமை, பர்க் தீவு

காலையிலிருந்தே மழை. வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் பின்வாங்கியே தீர வேண்டிய டெவன் சந்துச் சாலைகளில் ஊர்ந்து, பிக்பரி கடற்கரையை அடைந்தோம். எதிரே பர்க் தீவு. கடல்நீர் வற்றும் வேளையில் மணல்மேல் நடந்தே போய்விடலாம்; ஏறும் வேளையில் தீவாகிவிடும். அப்போது உயரமான மேடையோடு அலைகளுக்குள்ளேயே உருண்டு போகும் கடல் டிராக்டர் ஒன்று ஆட்களை ஏற்றிச் செல்கிறது. 1929-இல் கட்டிய வெள்ளை ஓட்டல் ஒன்று இங்கே இருக்கிறது. 1939-இலும் 1941-இலும் வந்த இரண்டு நாவல்களில் அகதா கிறிஸ்டி இந்தத் தீவின் சாயலைப் பயன்படுத்தினார். இரண்டிலும் மிஸ் மார்ப்பிள் இல்லை என்பதால் பெரியம்மாவுக்குத் தீவின்மேல் பெரிய மதிப்பு ஏற்படவில்லை. டிராக்டரை மட்டும் மெச்சினார்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் வழக்கை அவிழ்த்தார். முதலில் என் கைப்பேசியை வாங்கி, திங்கட்கிழமைப் பதிவை எடுத்துத் தரச் சொன்னார். விடுதியில் இருப்பவர்கள் என்று போட்டிருக்கிறாயே, எண்ணிப் பார் என்றார். எண்ணினேன். ஒருவர் குறைந்தார். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மாமியார் அதே பதிவில் நான்கு வரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்; பட்டியலில் மட்டும் இல்லை.

இதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் இப்படித்தான் எண்ணுவார்கள் என்று சொல்லிவிட்டு, பெரியம்மா 1927 டிசம்பருக்குப் போனார். மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக அச்சில் தோன்றிய சிறுகதை அந்த மாதம் ஒரு பத்திரிகையில் வந்தது. மார்ப்பிளின் வீட்டிலேயே, அவருடைய விருந்தாளிகள் கூடி, ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்லி மற்றவர்கள் விடுவிக்க வேண்டும் என்று ஒரு சங்கம் அமைக்கிறார்கள். அதற்காக எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணும்போது ஐந்து பேர்தான் தேறுகிறார்கள். என்னை விட்டுவிட்டாயே அம்மா என்று மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஓர் எண்ணிக்கைப் பிழையில் தொடங்கி 12 நாவல்களும் 20 சிறுகதைகளும் வந்துவிட்டன. தோட்ட வேலை, பறவை பார்க்கும் தொலைநோக்கி, பின்னல் என்று மிஸ் மார்ப்பிள் கையில் எதையாவது வைத்துக்கொண்டிருப்பது பொழுதுபோகாமல் அல்ல. அந்தக் கிழவி ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் அவர் எதிரிலேயே உள்ளதைப் பேசிவிடுவார்கள். எண்ணப்படாத இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாம் கண்ணில் படும். அதே இடத்திலிருந்து பிளேடு போட்டாலும் யார் கண்ணிலும் படாது.

பிறகு தடயங்களை வரிசையாக வைத்தார். செய்தித்தாளில் சதுரமாக வெட்டிய கையும் நாவல்களை வெட்டிய கையும் ஒன்றே. இரண்டிலும் வெட்டு தொடங்கும் முனையில் பிளேடு ஒரு முறை தயங்கி, இரட்டைக் கீறல் விழுந்திருக்கிறது. முடிவு தெரியாதவர்கள் வீட்டில் விசாரித்தார்கள் என்றால், அந்த வீட்டில் அத்தனை நாவல்களையும் படித்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். மருமகளுக்குச் செய்தித்தாள் படிக்கவே நேரமில்லை. ஆளுக்கொரு கொலைகாரனைச் சொன்னது மட்டும் அவருக்குப் புதிராக இருந்ததாம். மறதியாக இருக்கலாமோ என்று பார்ப்பதற்காகவே நேற்றிரவு தானும் போய்க் கேட்டிருக்கிறார். மூன்றாவதாக ஒரு முடிவு கிடைத்ததும் மறதி இல்லை என்று உறுதியாகிவிட்டது. மறந்தவர்களுக்கு அத்தியாய எண் நினைவிருக்காது.

ஏன் என்று கேட்டேன். மிஸ் மார்ப்பிளின் விசாரணை முறை முழுவதும் ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. எந்தக் குற்றத்தைக் கேட்டாலும் தன் கிராமத்து ஆள் ஒருவரின் சிறு திருட்டோ பொய்யோ அவருக்கு நினைவுக்கு வரும், அதிலிருந்து மனிதரைப் பிடித்துவிடுவார். பெரியம்மாவுக்கு நினைவு வந்தவர், அவருடைய சிறுவயதுத் தெருவில் பொதுக்கிணற்றின் தாம்புக்கயிற்றை இரவில் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும் ஒரு பாட்டி. கயிறு திருட்டுப் போகாமல் காப்பதாகச் சொல்வாராம். உண்மையில், விடிந்ததும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவர் திண்ணைக்கு வந்து, நின்று, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் தண்ணீர் சேந்த முடியும்.

துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் கூட்டி வைத்து, விரலை நீட்டிக் குற்றவாளியைக் காட்டும் காட்சி ஒன்று கடைசியில் வர வேண்டும் அல்லவா? பெரியம்மா அதற்கு ஒப்பவில்லை. மாலையில் அவர் செய்தது இதுதான்: மாமியாரின் எதிரில் உட்கார்ந்து, தன் அலுவலகக் கடித ஆங்கிலத்தில், எழுத்தர் கொலைகாரர் என்று நேற்றுச் சொன்னீர்கள், ஆனால் கொலை நடந்த நாளில் அவர் விடுப்பில் இருப்பதாக நான்காம் அத்தியாயத்தில் வருகிறதே, அது எப்படி என்று கேட்டார். கிழவி சிறிது நேரம் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வெட்டிய தாள்கள் எல்லாம் நாவல் வாரியாகக் கட்டி, மேலே பெயர் எழுதி, அகர வரிசையில் இருந்தன. அந்த ஒழுங்கைக் கண்டதுமே பெரியம்மாவின் மனம் முழுக்க எதிரியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

விருந்தினர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், பதிலைக் கேட்காமல் போய்விடுவார்கள். முடிவு என்ன என்று கேட்க வந்தால் மட்டும் அரை மணி நேரம் உட்காருவார்கள் என்றார் மாமியார். முதலில் உள்ளபடியேதான் சொல்லிவந்தாராம். பிறகு, பல நாவல்களின் முடிவு இவ்வளவு மட்டமாக இருக்கிறதே என்று தோன்றவே, கேட்பவரின் முகத்தைப் பார்த்து ஆளுக்கேற்றபடி மாற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். டாக்டர்களை வெறுப்பவருக்கு டாக்டர். சொத்துத் தகராறில் இருப்பவருக்கு அண்ணன் மகன். அப்படியானால் எனக்கு ஏன் எழுத்தர் என்று பெரியம்மா கேட்டார். நீங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்று நடையிலேயே தெரிந்தது, எழுத்தர் மேல் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும் என்று நினைத்தேன் என்று பதில் வந்தது. அது உண்மைதான். இரவு பத்து மணியைத் தாண்டியும் இருவரும் அந்த விடுப்புக் கடிதம் போலியாக இருக்க முடியுமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் எழுத மாமியாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். விடுதியின் பெயர் வரக்கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. வந்துவிட்டால் அடுத்து வருகிறவர்கள் அவர் சொல்லும் முடிவை நம்ப மாட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை, சோல்ஸி, வாலிங்ஃபோர்ட்

ரெடிங் வழியாக வண்டி மாறி சோல்ஸியில் இறங்கினோம். 1976 ஜனவரி 12-இல் காலமான அகதா கிறிஸ்டியின் கல்லறை இங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் வளாகத்தில், ஒரு மூலையில் இருக்கிறது. பெரிய கல், ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் கவிதை வரிகள், பக்கத்தில் ரயில் பாதை. கணவர் மல்லோவனும் இதே இடத்தில் அடக்கமானவர். எல்லோரிடமும் மிக மோசமானதையே எதிர்பார்த்து, அச்சமூட்டும் அளவுக்கு அது சரியாகவே போய்விடும் தன் பாட்டியின் குணம் மிஸ் மார்ப்பிளிடம் உண்டு என்று அகதா கிறிஸ்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாட்டிக்கு எங்கே கல்லறை என்று பெரியம்மா கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அகதா கிறிஸ்டி வாழ்ந்து மறைந்த வாலிங்ஃபோர்ட் இங்கிருந்து பக்கம். 2023-இல் அங்கே ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். முதிய அகதா கிறிஸ்டி பெஞ்சில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார், அருகில் நாமும் உட்காரலாம். பெரியம்மா உட்கார்ந்தார், படமும் எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில், எல்லோரையும் சண்டையில் இழுத்துவிட்ட அதே நாவல், தாள்கள் குறையாமல் கிடைத்தது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், பக்க எண்கள் எல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார். லண்டன் வண்டியில் முடிவைப் படித்தார். 188-ஆம் பக்கம் வரையில் பெயர்கூட வராத இரட்டைச் சகோதரன் ஒருவன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறானாம். பெரியம்மா புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, டார்க்கீ கடற்கரையில் வாங்கிய அஞ்சலட்டையை எடுத்து மாமியாருக்கு எழுதினார்: “அசல் முடிவு கிடைத்தது. இரட்டைச் சகோதரன். உங்கள் எழுத்தரே மேல். நான்காம் அத்தியாயத்து விடுப்பை மட்டும் சரிசெய்துவிடவும்.”